ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

காக்காச்சிக்கு மேலே, ஆனிச் சாரலில்,
அட்டை ஏறாமலிருக்க மூக்குப்பொடி தடவிய காலுறையோடு
அண்ணாந்து நிற்பதற்கு எனக்குச் சம்பளம்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறிக்கணும்:
எது, என்ன செய்கிறது, என்ன தின்கிறது,
எத்தனை மீட்டர் உயரத்தில்.

கறுப்பு.
குறுக்குத்துறையில் குளித்தெழும் எருமையிடம்கூட
இப்படியொரு கறுப்பைப் பார்த்ததில்லை.
முகத்தைச் சுற்றி மட்டும் சாம்பல் பிடரி,
சாம்பிராணிப் புகையைப் பிடித்து
யாரோ சீவிவிட்ட மாதிரி.
வால் நுனியில் சின்னதாய் ஒரு குஞ்சம்.
அதை வைத்துத்தான் சிங்கவால் என்று அச்சடித்திருக்கிறது தாளில்.
பூதத்தான் காணி அந்தப் பெயரைச் சொல்வதில்லை.
என்னைவிட இரண்டு வயது இளையவன், வாய் மட்டும் பெரிது:
"சிங்கத்தை நீ பாத்தியா, நான் பாத்தனா?
சோலமந்தின்னு எழுது."
தாளில் அதற்கு இடமில்லை.

7.10. பதினெட்டும் வெடிப்பலாவில்.
காயெல்லாம் முள், சுருண்டுகிடக்கும் முள்ளம்பன்றிக் குட்டிகள்.
பல்லால் கவ்வி, விரலால் பிளந்து,
விதையை எடுத்துக்கொண்டு தோட்டை என் தலைக்கு விடுகின்றன.
28 மீட்டர். 30. 26.

7.35. வெட்டுக்காது ஒரு கம்பளிப்புழுவைப் பிடித்தாள்.
உடனே தின்னவில்லை.
இலையில் வைத்துத் தேய்த்தாள், புரட்டித் தேய்த்தாள்,
மயிர் உதிர்ந்தபின் வாயில் போட்டாள்.
நான் என் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டேன்.

8.20. குட்டி அம்மாவின் வயிற்றில்.
முகம் இன்னும் வெளுப்பு, பிடரி முளைக்கவில்லை.
பொந்தில் தேங்கிய மழையில் அம்மா கையை நனைத்து
விரலை நக்குகிறாள்.
பெரிய ஆண் 'ஊப்' என்கிறது பள்ளத்தாக்கைப் பார்த்து.
பள்ளத்தாக்கு யோசித்துவிட்டுத் திருப்பிச் சொல்கிறது.

மற்றவை என்றொரு கட்டம் உண்டு.
சும்மா இருந்தால் அதில் போடக்கூடாது, அது ஓய்வு.
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால்?
கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

11.40. ரோடு வந்துவிட்டது.
போன வாரக் காற்று வரைக்கும் இங்கே
இந்தப் பக்க நாங்கும் அந்தப் பக்க நாங்கும்
மேலே கைகோத்து நின்றன.
இப்போது ஒன்று படுத்திருக்கிறது, அறுபட்டு, எண் போடப்பட்டு.
பதினெட்டும் கிளைநுனியில் குந்தி
இல்லாத கிளையைப் பார்த்தன.
ஒன்றுகூடக் கத்தவில்லை.

12.05. ஊத்துக்குப் போகிற பஸ்.
டிரைவர் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார்.
ஈரத் தார்மேல் முதலில் இறங்கியது பெரிய ஆண்.
மேலே அவ்வளவு லாவகம்,
கீழே செருப்பில்லாமல் வெயிலில் நடப்பவன் மாதிரி,
ஒவ்வொரு காலையும் கேட்டுக் கேட்டு வைத்தது.

உயரம்: 0.
மூன்று வருஷத்தில் அந்தக் கட்டத்தில்
நான் போட்ட முதல் பூச்சியம்.
மழைத்துளி விழுந்து அதுவும் கலங்கிவிட்டது.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து ஒரு முறுக்கு விழுந்தது.
"போடாதீங்க!" என்று நான் கத்தினேன்,
என் சத்தத்துக்குத்தான் அவை மிரண்டன.
ஆண் மட்டும் நின்றது.
முகர்ந்தது. திருப்பிப் பார்த்தது.
பல்லில் வைக்காமல் கன்னப்பைக்குள் ஒதுக்கிக்கொண்டு
மூன்றே எட்டில் அந்தப் பக்க மரத்தில் ஏறிவிட்டது.
மற்றவை பின்னாலேயே. குட்டியோடு அம்மா கடைசி.
ஜன்னல் வளையல் கை உள்ளே போய்விட்டது.
பூதத்தான் பஸ்ஸிடம் ஏதோ சொன்னான்,
தாளில் எழுதமுடியாதது.

பிற்பகல் முழுக்க அந்த ஒரு கன்னத்தையே பார்த்தேன்.
விதையும் அதற்குள்தான், முறுக்கும் அதற்குள்தான்.
புடைத்தே இருந்தது.

5.45. 31 மீட்டர். மஞ்சு இறங்குகிறது.
புறங்கையால் கன்னத்தை அழுத்தி
எதையோ வாய்க்குக் கொண்டுவந்து
மெல்லத் தொடங்கியது.
பைனாகுலரைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.
கழுத்து கேட்கவில்லை.

உணவு:
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'தெரியவில்லை' என்று எழுதி
நேரத்தைப் போட்டேன்.